மூன்று முறை முடிசூட்டப்பட்டவள்

அறுபத்தெட்டாம் வருஷம் எனக்குப் பாரிமுனையில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. எங்கள் வீடு கிழக்குத் தாம்பரத்தில். காலை எட்டு இருபது ரயில் தாம்பரத்திலேயே புறப்படும் என்பதால் உட்கார இடம் கிடைத்துவிடும். லேடீஸ் கம்பார்ட்மெண்டில் முதல் ஜன்னல் பக்கம் எதிரும் புதிருமாக இரண்டு பெஞ்சுகள். அதில் தினமும் ஒரே ஆட்கள்தான் உட்காருவோம். ஒரு மாதத்தில் யார் எந்த ஸ்டேஷனில் இறங்குவார்கள், யார் டிபன் பாக்ஸில் என்ன இருக்கும் என்பதுவரை எனக்குத் தெரிந்துவிட்டது.

என் எதிரே ஒரு நர்ஸ் உட்காருவார். எழும்பூரில் குழந்தைகள் வார்டில் வேலை. எல்லாரும் அவரை சிஸ்டர் என்போம். சிஸ்டருக்குப் பக்கத்தில், நாற்பது வயதைத் தொட்ட ஓர் அக்கா. மெல்லிய உடம்பு, கஞ்சி போட்ட நூல் புடவை, காது பக்கம் நூல் சுற்றிய கண்ணாடி. வலது கை ஆள்காட்டி விரலில் எப்போதும் ஒரு கறுப்பு. சோப்பு போட்டாலும் போகாத அச்சு மை. மேற்குத் தாம்பரத்தில் சர்ச்சுக்குப் பின்புறம் தம்பி குடும்பத்தோடு இருந்தார். பிராட்வே பக்கம் ஓர் அச்சகத்தில் புரூஃப் திருத்தும் வேலை. எஸ்.எஸ்.எல்.சி. படித்தவர். அதற்கு மேல் படிக்க வீட்டில் முடியவில்லை என்று ஒருமுறை சொன்னார். அதை வருத்தமாகச் சொல்லவில்லை, ரயில் லேட் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

அந்த அக்கா அதிகம் பேசமாட்டார். ஒருநாள் காலை, வண்டி சானடோரியம் தாண்டும்போது, ஜன்னலைப் பார்த்தபடி பெருமூச்சு விட்டார். உடம்பு சரியில்லையா என்று சிஸ்டர் கேட்டார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சிஸ்டர். நேத்து சாயங்காலம் ஒரு ராஜாவைக் கொன்னுட்டாங்க. அதையே நெனச்சிட்டு வரேன்" என்றார்.

நாங்கள் எல்லாரும் அவரைப் பார்த்தோம். அவருக்கே கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். அவருடைய அச்சகத்தில் ஒரு தடிமனான சரித்திரப் புத்தகம் அச்சாகிக்கொண்டிருந்தது. இலங்கையில் எழுநூறு, எண்ணூறு வருஷத்துக்கு முன்பு இருந்த ராஜ்ஜியத்தைப் பற்றியது. எழுத்துக் கோக்கிறவர்கள் கோத்து முடிக்க முடிக்க, நீள நீளமான தாளில் அச்சடித்து இவர் மேஜைக்கு வரும். இவர் பிழை பார்ப்பார். ஒருநாள் பத்துப் பக்கம் வரும், ஒருநாள் இரண்டு. அடுத்த பக்கத்தில் யார் இருப்பார், யார் செத்திருப்பார் என்பது அவருக்கே தெரியாது.

"எந்த ராஜா, எதுக்குக் கொன்னாங்க" என்று சிஸ்டர் கேட்டார். அப்படித்தான் ஆரம்பித்தது.

அக்கா கதை சொல்லும்போது கையை ஆட்டமாட்டார், குரலை உயர்த்தமாட்டார். மற்ற பெண்கள் பேச்சிலும் சக்கரச் சத்தத்திலும் அவர் குரல் கேட்க வேண்டுமென்றால் நாங்கள்தான் முன்னால் குனிய வேண்டும். குரோம்பேட்டை வந்ததும் தோல் பதனிடும் நாற்றம் உள்ளே வீசும். எல்லாரும் முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வோம். அவரும் மூடிக்கொள்வார், ஆனால் கதை நிற்காது, துணிக்குள்ளிருந்து வந்துகொண்டே இருக்கும். மீனம்பாக்கத்தில் விமானம் தலைக்கு மேல் இறங்கினால் மட்டும் நிறுத்துவார். அந்த மை விரலை மடியில் ஓரிடத்தில் அழுத்தி வைத்திருப்பார், விட்ட வரி தவறிவிடக் கூடாது என்பதுபோல. சத்தம் போனதும் விரலை எடுத்துவிட்டு அதே வார்த்தையிலிருந்து தொடர்வார்.

அவர் சொன்னது இதுதான். அந்தத் தீவை முழுவதும் ஒரு குடைக்கீழ் ஆண்ட ஒரு மகாராஜா இருந்தார். பொலன்னறுவை அவர் தலைநகரம். அவர் வெட்டிய ஏரிக்குக் கடல் என்றே பெயர் வைத்தார்கள். பாண்டிய நாட்டில் பங்காளிச் சண்டை வந்தபோது கப்பலில் படையை அனுப்பினார். அந்தப் படை ராமேஸ்வரம் பக்கம் வந்து இறங்கியது. இதைக் கேட்டதும் எங்களுக்குப் பெரிய ஆச்சரியம். நம்மூர் ராஜாக்கள்தான் கடல் தாண்டிப் போனார்கள் என்று படித்திருந்தோமே தவிர, அங்கிருந்து ஒருவர் இங்கே படை அனுப்பினார் என்று யாருமே எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை.

அந்த மகாராஜா இறந்தபின் எல்லாம் குலைந்தது. பெரிய குடும்பங்கள் எழுந்தன. பரம்பரை பரம்பரையாகத் தளபதிகளையும் மந்திரிகளையும் தந்த குடும்பங்கள். ஒரு குலத்துக்கு நீண்ட காது உடையவர்கள் என்று பெயராம். அவர்களிடம் ஆள் இருந்தது, யானை இருந்தது, கோட்டை இருந்தது. ஆனால் ஒன்று இல்லை. சிம்மாசனத்தில் தாங்களே ஏறி உட்கார முடியாது. ராஜ ரத்தம் இல்லாதவன் உட்கார்ந்தால் ஊர் ஏற்காது. புத்தருடைய பல்லை ஒரு பேழையில் வைத்திருந்தார்கள். ராஜ ரத்தத்தோடு அதுவும் யார் வசம் இருக்கிறதோ அவருக்குத்தான் நாடு. அதனால் ஒவ்வொரு தளபதியும் ராஜ ரத்தம் உள்ள யாரையாவது தேடிப் பிடித்து உட்கார வைத்தான். பின்னால் நின்று தான் ஆண்டான். அவனைவிட பலசாலி ஒருவன் வந்ததும், உட்கார்ந்திருந்தவர் தலை போனது.

"யாரைத் தேடிப் போனாங்க தெரியுமா? செத்துப்போன மகாராஜாவோட பொண்டாட்டியை. அவளும் ராஜ ரத்தம்தான்" என்றார் அக்கா.

முதல் தளபதி அந்த விதவை ராணியின் வீட்டுக்குப் போனான். வெண்குடையும் வாளும் ஆட்களோடு வாசலில் நின்றன. அவள் அப்போதுதான் சாப்பிட்டு முடித்துக் கை கழுவியிருந்தாள். எழுந்து வரச் சொன்னான். "கை ஈரம் காயட்டும்" என்றாளாம். அத்தனை பெரிய தளபதியும் அவள் கை காயும்வரை நின்றானாம். அதன்பின் மூன்று வருஷம் அவள் பெயரில் நாடு நடந்தது.

அந்த "கை ஈரம் காயட்டும்" எங்கள் பெஞ்சில் ஒரு வாரம் சுற்றியது. யாராவது இறங்க அவசரப்பட்டால் சிஸ்டர் அதைச் சொல்லிச் சிரிப்பார். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆபீஸில் சூபரின்டெண்டெண்ட் தாளை நீட்டியபடி என் மேஜை முன்னால் நிற்கும்போது, அந்த அம்மாளை நினைத்துக்கொள்வேன். அவள் கையில் துண்டுகூடக் கொடுக்காமல் யாரோ நின்றிருப்பார்கள். காற்றில் அந்த விரல்கள் காய்ந்திருக்கும். எண்ணூறு வருஷத்துக்கு முன் காய்ந்த கை.

அடுத்த மாதம் புரூஃப் வேகமாக வந்தது. ராணியை இறக்கிவிட்டார்கள். வேறொரு ராஜா வந்தான். அவனையும் ஒரு தளபதி துரத்தினான். இன்னொரு ராணி வந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை அக்கா ஏறியதும் உட்காரக்கூட இல்லை, நின்றபடியே சொன்னார், இந்தத் தடவை உட்கார வைத்தது ஒரு மூன்று மாசக் குழந்தையை என்று.

சிஸ்டர் டிபன் பையை மடியிலிருந்து கீழே வைத்தார். "மூணு மாசக் கொழந்தைக்குக் கழுத்தே நிக்காதுங்க. தலைல எப்படிக் கிரீடம் வெச்சாங்க?" என்றார்.

புத்தகத்தில் அது இல்லை என்றார் அக்கா. தாயாரின் மடியில் வைத்துத்தான் அபிஷேகம் செய்திருப்பார்கள், தளபதிக்குக் குழந்தை என்றால் இன்னும் வசதி, பதினெட்டு வருஷம் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்றார். குழந்தை என்ன ஆயிற்று என்று கேட்க எங்கள் யாருக்கும் வாய் வரவில்லை. நுங்கம்பாக்கம் தாண்டியபின் அவரே சொன்னார். கடல் கடந்து ஒருவன் படையோடு வந்தான். குழந்தையையும் கொன்றான், அந்தத் தளபதியையும் கொன்றான். சிஸ்டர் எழும்பூரில் இறங்கியபோது யாரிடமும் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. குழந்தைகள் வார்டுக்கு அன்று எப்படிப் போயிருப்பார் என்று நான் நாள் முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கொன்றவன் பதினேழு நாள்தான் ஆண்டான். வேறொரு தளபதி அவனை முடித்துவிட்டு, நேரே போய் நின்றது அதே விதவை ராணியின் வாசலில். இரண்டாவது முறை. அரண்மனைப் படியில் அந்தப் பதினேழு நாள் ராஜாவின் ரத்தம் இன்னும் இருந்தது. ராணி பல்லக்கிலிருந்து இறங்கிப் படியைப் பார்த்தாள். "முதலில் இதைக் கழுவுங்கள்" என்றாள். தளபதியின் ஆட்கள் ஏரியிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து கழுவினார்கள். அதன்பின்தான் அவள் ஏறினாள்.

அன்றுதான் தகராறு வந்தது.

எங்கள் பெஞ்சில் குரோம்பேட்டையில் ஏறும் ஒரு டீச்சர் இருந்தார். கிண்டிப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் சரித்திரம் எடுப்பவர். முதலிலிருந்தே கதையைக் கேட்டுக்கொண்டுதான் வந்தார், ஆனால் குனியமாட்டார். நிமிர்ந்து உட்கார்ந்து நோட்டுப் புத்தகங்களைத் திருத்துவதுபோலக் கேட்பார். அன்று சிவப்புப் பேனாவை மூடிவிட்டுச் சொன்னார், தான் எம்.ஏ. ஹிஸ்டரி என்று. இலங்கைச் சரித்திரம் ஒரு பேப்பராகவே படித்திருப்பதாகச் சொன்னார். ஒரே பெண்ணை வேறு வேறு தளபதிகள் திரும்பத் திரும்ப வந்து சிம்மாசனத்தில் வைத்தார்கள் என்று எந்தப் பாடத்திலும் இல்லை, படியைக் கழுவச் சொன்னாள் என்பதெல்லாம் சினிமா என்றார்.

"கதை சொல்றது தப்பில்ல. ஆனா அதை சரித்திரம்னு சொல்லாதீங்க. இங்க இருக்கிறவங்க நம்பிடுவாங்க" என்றார்.

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எம்.ஏ. என்ற சொல் அவரைத் தொட்ட இடம் எனக்குத் தெரிந்தது. மறுநாள் அவர் வந்தார், உட்கார்ந்தார், ஜன்னலைப் பார்த்தார். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. சிஸ்டர் இரண்டு முறை கேட்டுப் பார்த்தார். புரூஃப் வரவில்லை, காகிதம் தட்டுப்பாடு என்று சொல்லிவிட்டார். அது பொய் என்று எல்லாருக்கும் தெரியும், அவர் விரலில் மை புதிதாகத்தான் இருந்தது. ரயில் சத்தம் அந்த நாட்களில் ரொம்ப அதிகமாகக் கேட்டது.

நான்காம் நாள் பல்லாவரத்தில் ஏறும் ஒரு பெண் பேசினாள். அவளைப் பற்றி நான் இதுவரை சொல்லவில்லை, ஏனென்றால் அதுவரை நாங்கள் அவளைப் பார்த்ததாகவே சொல்ல முடியாது. இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். கீழ்க்கட்டளையிலிருந்து நடந்தே வந்து ஏறுவாள். கோடம்பாக்கத்தில் ஒரு நர்சரிப் பள்ளியில் ஆயா. இடம் இருந்தாலும் உட்காரமாட்டாள். கதவுக்கும் எங்கள் பெஞ்சுக்கும் நடுவே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அத்தனை மாதமும் கதையைக் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறாள்.

அன்று அவள் அக்காவைப் பார்த்துக் கேட்டாள். "ஏம்மா நிறுத்திட்ட? நீ சொன்னது அத்தினியும் நெசம். ஏரினு சொல்றியே, அது ஒண்ணுதான் தப்பு. அங்க அத்த குளம்னுதான் சொல்வாங்க."

எல்லாரும் திரும்பினோம். அவள் கம்பியை விடாமல் சொன்னாள், தான் பிறந்ததே பொலன்னறுவையில்தான் என்று. அந்தக் குளத்துக் கரையில் வெளியூர்க்காரர்கள் வந்து தங்கும் ஒரு பங்களாவில் அவள் அப்பா சமையல்காரர். பங்களா வராந்தாவில் நின்றால் எதிர்க்கரை தெரியாது. தண்ணீர் போய் வானத்தில் முட்டும். சின்ன வயதில் அதைத்தான் கடல் என்று நினைத்துக்கொண்டிருந்தாளாம். பிறகு கப்பலில் வரும்போது நிஜக் கடலைப் பார்த்து, இது நம்ம குளத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிசு என்று அம்மாவிடம் சொன்னாளாம்.

அக்கா மெதுவாகக் கேட்டார், அரண்மனை இருக்கிறதா என்று.

இருக்கிறது என்றாள். கூரை இல்லை. சுவர் ஓர் ஆள் கைகளை விரித்தாலும் எட்டாத தடிமன். மாடியைத் தாங்கிய உத்தரங்கள் செருகிய ஓட்டைகள் வரிசையாக இருக்கும், அதில் கிளிகள் கூடு கட்டும். செங்கல் சில இடத்தில் நெருப்பில் உருகிக் கண்ணாடிபோல ஒட்டியிருக்கும். பகைவர் வைத்த தீ என்று அவள் அப்பா சொல்வாராம். விருந்தாளிகளுக்குச் சுற்றிக் காட்டுகிறவர்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு அவருக்கு எல்லாம் மனப்பாடம். குளத்தங்கரையிலேயே ஒரு மண்டபம் உண்டு. ராஜா சபை கூடிய இடம். வரிசை வரிசையாகக் கல்தூண்கள்.

"ஒவ்வொரு தூண்லயும் எழுத்து வெட்டிக் கீதும்மா. ராஜா இங்க, இளவரசரு இங்க, தளபதிங்க இங்க, கணக்குப் பாக்கறவங்க இங்கனு. யாரு எங்க குந்தணும்னு கல்லுல வெட்டி வெச்சிட்டாங்க. தளபதி தூண்ல சாஞ்சி குந்திக்கினு நான் கல்லாங்காய் ஆடிக்கிறேன்" என்றாள்.

வண்டி மீனம்பாக்கத்தில் நின்று கிளம்பியது. அவள் கதவுப் பக்கம் திரும்பி நின்றாள். நான் அவளுடைய முதுகைப் பார்த்தேன். பச்சைப் பூப்போட்ட வாயில் புடவை, சாயம் போன ரவிக்கை. அந்த முதுகு அந்தத் தூணில் சாய்ந்திருக்கிறது. குழந்தை ராஜாவைக் கொண்டுவந்தவன், படி கழுவ ஆள் அனுப்பியவன், அவர்களுக்கு வெட்டி வைத்த இடம் அது. அதுவரை எனக்கு அந்த ராஜ்ஜியம் எங்கோ காகிதத்தில் இருந்தது. இப்போது அது கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது.

சரித்திர டீச்சர்தான் கேட்டார், அப்படிப்பட்ட ஊரை விட்டு ஏன் வந்தீர்கள் என்று. குத்திக் காட்டிக் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"அங்க கலவரம் வந்துச்சி டீச்சர். தமிழ் ஆளுங்கள வெட்டுனாங்க. நானும் அம்மாவும் கரும்புக் கொல்லையில ஒளிஞ்சிக்கினோம். அப்பா பங்களாவுல இருந்தாரு" என்றாள். அம்மாவும் அவளும் மட்டும் கப்பல் ஏறியதாகச் சொன்னாள்.

கிண்டி வந்தது. டீச்சர் எழுந்திருக்கவில்லை. கிண்டி போனது, சைதாப்பேட்டை போனது. மாம்பலத்தில்தான் அவருக்கு நினைவு வந்தது. நோட்டுக் கட்டை அள்ளிக்கொண்டு இறங்கும் முன் அக்காவின் தோளைத் தொட்டார். அவசரமாக இறங்கிவிட்டார். எதிர் வண்டியில் திரும்பிப்போய் அன்று முதல் பீரியட் தவறவிட்டார் என்று பிறகு தெரிந்தது.

மறுநாள் அந்தப் பெண் ஏறியதும் சிஸ்டர் நகர்ந்து இடம் விட்டார். அவள் உட்கார்ந்தாள். அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு மூன்றாம் முறைக்கு வந்தார்.

இரண்டாம் முறை ஒரு வருஷம்கூட நிலைக்கவில்லை. நம் கரையிலிருந்து ஒருவன் தமிழ்ப் படையோடு போய் அவளை இறக்கிவிட்டுத் தானே ஆண்டான். சில மாதங்களில் ஒரு பெரிய குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு தளபதி அவனைத் தோற்கடித்தான். அவனும் அதே வீட்டைத் தேடிப் போனான். வாசலில் அவன் ஆட்கள் குடையைப் பிடித்தபோது, அவள் அழைப்புக்குக் காத்திருக்கவில்லை. தானே வெளியே வந்தாள். தலை நரைத்திருந்தது. தளபதி மண்டியிட்டான். பல்லக்கில் கால் வைப்பதற்கு முன் அவனைக் குனிந்து பார்த்துக் கேட்டாள்.

"எத்தனை நாளைக்கு?"

ஏழு மாதம்தான் அது நீடித்தது.

அக்கா இதைச் சொல்லி நிறுத்தியபோது, அந்தப் பல்லாவரத்துப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டீச்சர் முதல்முறையாக முன்னால் குனிந்திருந்தார்.

கடைசிப் பகுதி ஒரு மழை நாளில் வந்தது. ஜன்னல் பலகையை இறக்கிவிட்டு அரை இருட்டில் கேட்டோம். பாண்டிய நாட்டிலிருந்து வந்து ராணியை இறக்கியவன் ஆண்டுகொண்டிருந்தபோது, வடக்கே கலிங்கத்திலிருந்து ஒருவன் பெரும் படையோடு இறங்கினான். அந்தப் படையில் நம் பக்கத்து ஆட்களும் இருந்தார்கள். இதை அக்கா தயங்கித்தான் சொன்னார். விகாரைகளை இடித்தார்கள், ஓலைச் சுவடிகளைக் கயிறு அறுத்து வீசினார்கள். ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டிருந்த பெரிய குடும்பங்களில் எதிர்த்து நிற்க ஆள் மிச்சம் இல்லை. பிக்குகள் புத்தருடைய பல்லை எடுத்துக்கொண்டு மலைக்கு ஓடி மண்ணில் புதைத்து வைத்தார்கள். ஜனங்கள் ஊரை விட்டார்கள். காலப்போக்கில் அந்த ஊரைக் காடு மூடியது. யானை கட்டிய இடத்தில் யானை தானாக வந்து திரிந்தது.

ராணி என்ன ஆனாள் என்று சிஸ்டர் கேட்டார். தெரியாது என்றார் அக்கா. மூன்றாம் முறை இறக்கப்பட்டபின் புத்தகத்தில் அவள் பெயர் வரவே இல்லை. செத்தாளா, சிறையில் இருந்தாளா, எதுவும் இல்லை. சிஸ்டருக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா என்று யாரையோ திட்டினார்.

நாலைந்து மாதம் கழித்துப் புத்தகம் வெளிவந்தது. எங்கள் ஆபீஸுக்குப் பக்கத்து நூலகத்தில் ஒரு பிரதி வந்திருந்தது. மதிய இடைவேளையில் சாப்பிடாமல் போய் எடுத்தேன். அந்தப் பக்கங்களைத் தேடிக் கண்டுபிடித்தேன். திரும்பத் திரும்பப் படித்தேன். மூன்று முறையும் இருந்தது. மூன்று தளபதிகளும் இருந்தார்கள். குழந்தை ராஜாவும் பதினேழு நாளும் இருந்தன. ஆனால் அந்த ராணியைப் பற்றி எழுதியிருந்தது மொத்தமாகச் சேர்த்தால் அரைப் பக்கம். இன்ன தளபதி அவளை அரியணையில் அமர்த்தினான், இத்தனை காலம் ஆண்டாள், அவ்வளவுதான். ஈரக் கை இல்லை. கழுவிய படி இல்லை. எத்தனை நாளைக்கு என்று அவள் கேட்கவில்லை.

நூலகத்து நாற்காலியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஏமாந்தேன் என்று முதலில் தோன்றியது. டீச்சர் சொன்னது சரிதானோ என்றும் தோன்றியது.

மறுநாள் வழக்கத்தைவிட முன்னாலேயே தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போனேன். அக்கா பிளாட்பாரத்து பெஞ்சில் இருந்தார். புத்தகத்தைப் பார்த்தேன், அரைப் பக்கம்தான் இருக்கிறது என்று சொன்னேன். குரலில் கொஞ்சம் கடுப்பு இருந்திருக்கும்.

அவர் மறுக்கவில்லை, வெட்கப்படவும் இல்லை.

"ஆமா, அரைப் பக்கம்தான். அதை நாலு தடவை திருத்தியிருக்கேன், ஒவ்வொரு எழுத்தும் எனக்குத் தெரியும். தளபதி என்ன செஞ்சான்னு எழுதியிருக்கு. மூணு தடவை வாசல்ல வந்து நின்னிருக்காங்களே, அப்ப அவ ஏதாவது நெனச்சிருப்பா இல்ல? ஏதாவது பேசியிருப்பா இல்ல? அதை யாரும் கோக்கவே இல்ல. விட்டுப்போன இடத்துல ஒரு குறி போடறது என் வேலைதானே" என்றார்.

கறுப்பு விரலும் நூல் சுற்றிய கண்ணாடியுமாக உட்கார்ந்திருந்த அந்த மெலிந்த உடம்பைப் பார்த்தேன். அரைப் பக்கத்திலிருந்து ஓர் உயிருள்ள மனுஷியை எழுப்பி, ஆறு மாதம் ஒரு கம்பார்ட்மெண்டையே குனிய வைத்தவர் இவர். தளபதிகளின் கதையைக் கேட்டு வாய் பிளந்ததைவிட அப்போது எனக்கு அதிக பிரமிப்பாக இருந்தது. வண்டி வந்தது, ஏறினோம். மற்றவர்களிடம் இதைச் சொல்வதில்லை என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன்.

எழுபதில் எனக்குக் கல்யாணமாகித் திருச்சிக்குப் போனேன். அக்காவின் அச்சகம் அதற்குள் கோழி வளர்ப்புப் புத்தகம் ஒன்றுக்குப் போய்விட்டது. அதைச் சொல்லச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. அந்தப் பல்லாவரத்துப் பெண் தட்டெழுத்துப் படிக்க ஆசைப்பட்டாள். நான் கொஞ்ச நாள் சொல்லிக்கொடுத்தேன். பிறகு பள்ளியிலேயே அவளை ஆபீஸ் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள் என்று சிஸ்டர் கடிதம் எழுதினார்.

ஊரை விட்டுப் போவதற்கு முந்தைய வாரம் ஒருநாள், அக்கா லீவு. சரித்திர டீச்சர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். புத்தகத்தைப் பள்ளி லைப்ரரிக்கு வாங்கச் செய்து, வந்த அன்றே படித்துவிட்டதாகச் சொன்னார். அக்காவை இவர் மறுபடி விடமாட்டார் என்று நினைத்தேன்.

"நீயும் பாத்திருப்ப. அரைப் பக்கம்" என்றார்.

தலையாட்டினேன்.

சென்ற வாரம் ஒன்பதாம் வகுப்பில் இலங்கை அரசுகள் பாடம் வந்ததாம். புத்தகத்தில் இருந்த அரைப் பக்கத்தையும் சொன்னாராம். பிறகு அக்கா சொன்னதையும் சொன்னாராம், ஈரக் கை, கழுவிய படி எல்லாம். எது ஏட்டில் உள்ளது, எது ஓர் அம்மாள் நினைத்துப் பார்த்தது என்று தனித்தனியாகப் பிரித்துச் சொன்னதாக அழுத்தமாகச் சொன்னார். நாற்பது பெண்களும் அசையாமல் கேட்டார்களாம். மணி அடித்த பிறகும் எழுந்திருக்கவில்லையாம்.

"எக்ஸாம்ல வராதுன்னு சொல்லிட்டேன். அப்பவும் எழுதிக்கிட்டாங்க" என்றார். கிண்டி வந்தது. டீச்சர் நோட்டுக் கட்டை எடுத்துக்கொண்டு இறங்கினார்.